பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள், தோழர்களே!

கடை மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறதே அந்தப் பழைய சி.பி.யூ., அதை இந்த வாரம் எடைக்குப் போடாதீர்கள். பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து நின்றாலும், இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் சத்தம் போட்டாலும் போடாதீர்கள். முதலில் இதைப் படித்து முடியுங்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று மலை முழுக்க டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர்கள், மினி ஆப்செட் ஓட்டுபவர்கள், ஸ்டுடியோக்காரர்கள், கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொடுக்கும் தம்பிகள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தே தமிழ் டைப்செட்டிங் பார்க்கும் தங்கைகள், உங்கள் எல்லாரையும் அழைத்துத்தான் பைக்காராவிலிருந்து எழுதுகிறேன். நம் கைவேலை நம் கண்முன்னே பூட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. சாவி எங்கோ இருக்கும் கம்பெனிகளிடம் இருக்கிறது. சில பூட்டுகளுக்குச் சாவியே செய்யாமல் விட்டுவிட்டார்கள். இப்போது நாம் அசையாவிட்டால் முப்பது வருஷமாக இந்த மலையில் அச்சானதில் பெரும்பகுதியை மறுபடி திறந்து பார்க்கவே முடியாது.

பேஜ்மேக்கரிலிருந்து தொடங்குகிறேன். நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அதுதான். 1985-இல் ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வெளியிட்டது. நம் கடை போர்டில் டி.டி.பி. என்று எழுதியிருக்கிறோமே, அந்தப் பெயரே அதோடு சேர்ந்து ஊருக்குள் வந்ததுதான். 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999-இல் இன்டிசைன் என்ற தன்னுடைய சொந்தச் சரக்கை இறக்கியது. 2001-இல் பேஜ்மேக்கர் 7 வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. 2004-இல், இனி இதை வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தேவிட்டார்கள்.

நாம் விட்டோமா? விடவில்லை. ஈய எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்த கைகள்தான் பேஜ்மேக்கருக்கு மாறின. அதில் நாலு பக்கக் கல்யாணப் பத்திரிகை கட்டினோம், காதணி விழா அழைப்பிதழ் கட்டினோம், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் கட்டினோம். தேயிலைக்கு விலை கேட்டுப் போராடிய சிறு விவசாயிகளின் துண்டறிக்கைகளைக் கட்டினோம். எஸ்டேட் யூனியன்களின் மாநாட்டு மலர்களைக் கட்டினோம். ராத்திரி இரண்டு மணிக்குப் பட்டர் ஷீட்டில் அவுட்புட் எடுத்து, விடிகாலையில் பிளேட் போட்டு, எட்டு மணி பஸ்ஸுக்குக் கட்டு ஏற்றி அனுப்பியிருக்கிறோம். அந்த ஃபைல்கள் எல்லாம் இன்று எங்கே இருக்கின்றன? சி.டி.யில், ஜிப் டிஸ்க்கில், சத்தம் போட ஆரம்பித்துவிட்ட ஹார்ட் டிஸ்க்கில். பைக்காரா மழையையும் ஊட்டிக் குளிரையும் அறிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: இங்கே சி.டி.யில் பூஞ்சை பிடிக்கும். ஜூன் மாதம் மழை இறங்கினால் செப்டம்பர் வரை பீரோவுக்குள் துணியே காய்வதில்லை.

போன மழைக்காலத்தில் சேரங்கோடு பக்கத்திலிருந்து ஓர் ஐயா வந்தார். அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய குடும்பம். தாயகம் திரும்பியோர் எப்போதோ போட்ட சிறு மலர் ஒன்றில் அவருடைய அப்பாவின் படமும், கப்பலேறி வந்த கதையை அப்பாவே சொல்லி எழுதவைத்த ஒரு பக்கமும் இருந்ததாம். அச்சான பிரதி கரையான் அரித்துவிட்டது. "ஃபைல் உங்கிட்டதானே தம்பி இருக்கும்?" என்றார்.

ஃபைல் இருந்தது. திறந்தேன். எழுத்துரு கிடைக்கவில்லை, பதிலுக்கு எதைப் போடட்டும் என்று பேஜ்மேக்கர் கேட்கும் அந்தப் பேனோஸ் பெட்டி வந்து நின்றது. அந்த மலருக்கு உபயோகித்த எழுத்துரு புது மெஷினில் இல்லை. எதைக் கொடுத்தாலும் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டியது. படம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஒரு மங்கல் நிழல். பேஜ்மேக்கர் பெரிய படத்தைப் பெரும்பாலும் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் வெளியே இருக்கும் டிஃப் ஃபைலைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த டிஃப் எந்த சி.டி.யில் போனதோ! ஐயா மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குப்பைக்குள் தன் அப்பா இருக்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

தமிழுக்கு விழுந்தது இரட்டைப் பூட்டு, தோழர்களே. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் வேலை செய்தவருக்குச் சாஃப்ட்வேர் செத்தாலும் எழுத்தையாவது உருவியெடுத்துவிடலாம். நமக்கு அந்த வழியும் இல்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களில்தான் அடித்தோம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். வானவில்லுக்கு வேறு கணக்கு. ஸ்ரீலிபிக்கு வேறு கணக்கு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாடு டாம், டாப் என்று இரண்டு குறிமுறைகளை வகுத்துக் கொடுத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. அதெல்லாம் வந்த பிறகும் கடைகளில் பழைய எழுத்துருதான் ஓடியது, ஏனென்றால் பேஜ்மேக்கரில் வேறு எதுவும் ஓடாது. ஒரு சாஃப்ட்வேரை நிறுத்திய கம்பெனிக்கு, அதனுள்ளே ஒரு மொழியே சிக்கிக்கொண்டு நின்றது தெரியவே தெரியாது.

எழுத்துருவுக்கும் தனிப் பூட்டு உண்டு. நான் காசு கொடுத்து, பில் வாங்கி எடுத்த தமிழ் எழுத்துருத் தொகுப்பு ஒன்று பிரிண்டர் போர்ட்டில் சொருகும் லாக்கோடு வந்தது. இன்றைய கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது. விற்ற இடத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவருக்கு அந்தத் தொகுப்பின் பெயரே தெரியவில்லை. பில் என் பீரோவில் இருக்கிறது, லாக் மேஜை டிராயரில் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை.

இதெல்லாம் பழைய கதை, பேஜ்மேக்கர் காலம் மலையேறிவிட்டது என்று போட்டோஷாப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் நினைக்கலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2013-இல் அடோபி, இனிப் புதுப் பதிப்பை ஒரேயடியாக விற்பதில்லை, மாதாமாதம் வாடகை கட்டு என்று மாற்றிவிட்டது. வாடகை நின்றால் கதவு மூடிக்கொள்ளும். நீங்கள் செதுக்கிவைத்த பி.எஸ்.டி. உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும், திறக்கும் சாஃப்ட்வேர் ஓடாது. குறிப்பிட்ட நாளுக்கொரு முறை இணையத்தில் ஏறி, கட்டணம் சரிதான் என்று அது கேட்டுக்கொண்டு வரவேண்டும். மழைக்காலத்தில் பைக்காராவில் டவர் போனால் எத்தனை நாள் போகும் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. 2014-இல் ஆப்பிள், அபெர்ச்சர் என்ற புகைப்பட மென்பொருளை நிறுத்தப்போவதாகச் சொன்னது. அதில் பல்லாயிரம் படத்தை வகை பிரித்து, நிறம் திருத்தி வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதே ஆண்டில் ஆட்டோடெஸ்க், சாஃப்ட்இமேஜுக்கு முடிவு கட்டியது. சினிமா கிராஃபிக்ஸ்காரர்கள் வருஷக்கணக்கில் கற்ற வித்தை ஓர் அறிவிப்பில் போனது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷ் போனது. பள்ளிகளுக்கு நாம் செய்துகொடுத்த பாட சி.டி.க்கள் அதோடு போயின. 2023 ஜனவரியில் டைப் 1 எழுத்துருக்களை அடோபி கைவிட்டது. காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு ஒரே பதிப்பு மாற்றத்தில் பட்டியலிலிருந்து காணாமல் போயிற்று.

அடுத்தது 2026 அக்டோபர். அந்த மாதத்தோடு மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் முடிகிறது. பள்ளி ஆண்டு மலர், சர்ச் மாதக் கடிதம், சங்க நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் இந்த மலையில் அதைத்தான் உபயோகிக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வைத்திருப்பவர்களுக்கு அதன்பின் பப்ளிஷர் ஃபைலை அதில் திறக்கவே வழியிருக்காது. உங்களிடம் வேலை கொடுக்கும் பள்ளிக்கூடத்து கிளார்க் அக்காவுக்கு இது தெரியுமா? போய்ச் சொல்லுங்கள், இன்றைக்கே.

"காலம் மாறுகிறது, நாமும் மாற வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். மாறுவதற்கு நாம் என்றைக்குத் தயங்கினோம்? டிரெடிலிலிருந்து ஆப்செட்டுக்கு மாறினோம். இருட்டறையிலிருந்து டிஜிட்டலுக்கு மாறினோம். நான் கோபப்படுவது புதியதைப் பார்த்து இல்லை. ஊட்டியிலிருந்து பைக்காரா வரும் வழியில் இந்து நகர் இருக்கிறது. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்த இடம். 1960-இல் தொடங்கி, 1967-இல் உற்பத்திக்கு வந்த அரசு ஆலை. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும், போட்டோ பேப்பரும், எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து நாடெங்கும் போயின. 1996-இல் நலிந்த நிறுவனம் என்றார்கள். பிறகு மெல்ல மெல்ல மூடினார்கள். எத்தனை குடும்பங்கள் அந்தக் குடியிருப்புகளைக் காலி செய்துகொண்டு கீழே இறங்கின! அந்த வலி இந்த மலைக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆலை மூடியதும் அந்த ஃபிலிமில் எடுத்த படங்கள் மூடிக்கொள்ளவில்லை. நம் அப்பா காலத்து இந்து நெகட்டிவை இன்றைக்கும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தாத்தாவின் முகம் தெரிகிறது. அதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம்.

டிரெடிலும் அப்படித்தான். கம்பெனி மூடி எத்தனையோ காலமான மெஷினுக்கு ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் கோயம்புத்தூரில் லேத்தில் கொடுத்துக் கடைந்துகொண்டு வந்துவிடுகிறோம். இங்கே பைக்காராவில் தண்ணீரை இறக்கி 1932-இல் மின்சாரம் எடுத்தார்கள். கோவை ஆலைகள் அந்த மின்சாரத்தில்தான் பெருகின. அந்தக் காலத்து இயந்திரங்களைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பழகிய தொழிலாளிகள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். இரும்பைக் கழற்றலாம். சாஃப்ட்வேரைக் கழற்றக் கூடாது என்கிறது கம்பெனியின் உரிம ஒப்பந்தம், கழற்ற முடியாதபடி செய்திருப்பதும் கம்பெனிதான். இதுதான் நம் வழக்கு. விற்பதை நிறுத்து, வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். நாங்கள் செய்த வேலையை நாங்கள் திறந்து பார்ப்பதை நிறுத்த உனக்கு உரிமை இல்லை.

இன்னொரு அநியாயத்தையும் சொல்லவேண்டும். ஒழுங்காகப் பணம் கட்டி வாங்கியவனுக்குத்தான் இதில் முதல் அடி. அவனுடைய பதிப்புதான் கம்பெனி சர்வரைக் கேட்டு உயிர்பெற வேண்டியது. சர்வரை அணைத்துவிட்டால், மெஷின் மாற்றியபின் அது எழும்பாது. ஆனால் மனம் வைத்தால் இதற்கு வழி இருக்கிறது என்று அதே அடோபிதான் காட்டியது. சி.எஸ்.2 பதிப்புக்கான சர்வரை நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்காக அனுமதி கேட்காத ஒரு பதிப்பை 2013-இல் இறக்கிவைத்தார்கள். ஒரு தடவை முடிந்தது ஒவ்வொரு தடவையும் ஏன் முடியாது?

"நாம்தான் பாதிக்கு மேல் காசு கொடுக்காத காப்பியை ஓட்டுகிறோமே, நமக்கு என்ன உரிமை?" என்று சில தோழர்கள் தலைகுனிகிறார்கள். குனிய வேண்டாம். நாம் கட்டிய பக்கம் நம்முடையது, எழுதியவருடையது, அதில் பெயர் போட்ட குடும்பத்தினுடையது. அந்த உரிமைக்கு எந்தப் பில்லும் வேண்டாம். ஆனால் காசு கொடுக்காத காப்பியை நம்பி இருக்கும்வரை நம்மால் வெளியே வந்து வாய் திறக்க முடியாது என்பதும் உண்மை. கம்பெனிகளுக்கு அது ரொம்ப வசதி. அந்த பயத்திலிருந்தும் இப்போதே வெளியே வருவோம்.

போராடினால் ஏதாவது நடக்குமா? நடந்திருக்கிறது. மேக்ரோமீடியாவை 2005-இல் அடோபி வாங்கியபோது, ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருளும் அதோடு வந்தது. தன்னுடைய இல்லஸ்ட்ரேட்டருக்குப் போட்டியாக இருந்ததை 2007-இல் அப்படியே நிறுத்திவிட்டது. அதை உபயோகித்த ஓவியர்கள் சங்கம் கட்டினார்கள். 2011-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது, ஃப்ரீஹேண்ட் திரும்பவில்லை. முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்க ஆளில்லை என்ற நினைப்பு அங்கே உடைந்தது. நிக் கலெக்‌ஷன் என்ற போட்டோ ஃபில்டர் தொகுப்பு நம் ஸ்டுடியோக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. 2017 மே மாதம் கூகுள் அதைக் கைகழுவியது. உலகெங்கும் போட்டோகிராபர்கள் கூச்சல் போட்டார்கள். அந்த அக்டோபரில் டி.எக்ஸ்.ஓ. என்ற பிரெஞ்சு நிறுவனம் அதை வாங்கி மறுபடி வளர்க்கத் தொடங்கியது. 2024-இல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை யூபிசாஃப்ட் அணைத்தது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் ஆனது. விளையாட்டைக் கொல்லாதே என்று ஐரோப்பாவில் தொடங்கிய மனு இயக்கம் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. விளையாடுபவர்கள் இவ்வளவு செய்தார்கள். நாம் பிழைப்புக்காகச் செய்ய மாட்டோமா?

எல்லாவற்றுக்கும் மேல் பிளெண்டரின் கதை. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இன்னும் சொல்வேன். பிளெண்டர் என்பது முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருள். நெதர்லாந்தில் டான் ரோசன்டால் என்பவர் உருவாக்கியது. 2002-இல் அதை விற்றுக்கொண்டிருந்த கம்பெனியை முதலீட்டாளர்கள் இழுத்து மூடினார்கள். மற்ற எதுவாக இருந்தாலும் கதை அங்கே முடிந்திருக்கும். ரோசன்டால் அவர்களிடம் போய், என்ன விலை கொடுத்தால் மூல நிரலை விடுவிப்பீர்கள் என்று கேட்டார். ஒரு லட்சம் யூரோ என்றார்கள். உபயோகிப்பவர்களிடம் கை நீட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது! மாணவர்களும், தனியாள் கலைஞர்களும், சிறு ஸ்டுடியோக்களும் சில்லறை சில்லறையாகப் போட்ட பணம். 2002 அக்டோபர் 13-ஆம் தேதி பிளெண்டர் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளும் கட்டற்ற மென்பொருளாக வெளியே வந்தது. அதன்பின் அதை நிறுத்த யாராலும் முடியவில்லை. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' லாட்வியாக்காரர்கள் பிளெண்டரில் செய்த படம். செத்துப்போனது என்று 2002-இல் பேலன்ஸ் ஷீட்டில் எழுதப்பட்ட அதே மென்பொருள்.

ஆகவே வேலைக்கு வருவோம். இரண்டு வேலை இருக்கிறது: ஒன்று மீட்பது, இன்னொன்று கேட்பது.

மீட்பதில் அவசரம் அதிகம். பேஜ்மேக்கர் இன்னும் ஓடும் மெஷின் ஒன்று உங்களிடம் இருந்தால் அதுதான் இன்று இந்த மாவட்டத்தின் சொத்து. அதிலேயே ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, எழுத்துருவை உள்ளே பதித்து பி.டி.எஃப். ஆக்குங்கள். குறைந்தபட்சம் கண்ணால் படிக்கவாவது நிலைக்கும். பேஜ்மேக்கர் ஓடவில்லையென்றால் இன்டிசைன் சி.எஸ்.6 வரையான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6-இலும் அதற்குப் பின் வந்த பதிப்புகளிலும் செய்த ஃபைலைத் திறக்கும். அதற்குப் பின் வந்த வாடகைப் பதிப்புகள் திறக்கா. அதுவும் இல்லையா? லிப்ரேஆபிஸ் டிராவை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். மூடிய ஃபைல்களை உடைத்துத் திறப்பதையே வேலையாக வைத்துக்கொண்ட தன்னார்வலர்கள் எழுதிய நிரல் அதில் இருக்கிறது. 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அது பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிறது. பக்க அமைப்பு அங்கங்கே கலையும், கவலை வேண்டாம், எழுத்தும் படமும் கைக்கு வந்தால் போதும்.

எழுத்துரு ஃபைலைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். எந்த வேலைக்கு எந்த எழுத்துரு என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்தப் பெயர் தெரிந்தால்தான் யூனிகோடு மாற்றிக்கு எந்தக் கணக்கில் மாற்றுவது என்று சொல்லமுடியும். தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துரு மாற்றியை இலவசமாகக் கொடுக்கிறது. என்.எச்.எம். கன்வெர்ட்டரும் பாமினி, டாம், டாப் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றும். மாற்றியபின் ஒரு தடவை மெய்ப்புப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும், துணைக்கால் 'ர'வாகிக் கிடக்கும். பெயர்களில் அது நடந்தால் குடும்பத்துக்கே வருத்தம்.

புது வேலையை இனிக் கட்டற்ற மென்பொருளில் தொடங்குங்கள். ஸ்கிரைபஸின் 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. அதில் யூனிகோடு தமிழ் உடையாமல் வருகிறது. கோரலின் இடத்தில் இங்க்ஸ்கேப், போட்டோஷாப்பின் இடத்தில் கிம்ப்பும் கிரிட்டாவும். எல்லாம் அதே மாதிரி இருக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். முதல் சில வாரம் கை தடுமாறும், ஷார்ட்கட் மாறிப்போகும், கஸ்டமர் காத்திருக்கும்போது எரிச்சல் வரும். ஆப்செட்டுக்கு நிறம் பிரிப்பதில் கிம்ப் இன்னும் போட்டோஷாப் அளவுக்கு வரவில்லை, அவசர வேலையைப் பழையதிலேயே முடியுங்கள். ஆனால் கற்றுக்கொண்ட வித்தையை யாரும் ஓர் அறிவிப்பில் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. இந்த வயதுக்கு மேல் எனக்கு அந்த நிம்மதி வேண்டும். உங்களுக்கும் வேண்டும்.

அடுத்து, கேட்க வேண்டியது. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்-டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளியின் கருவியாக இருக்கும் மென்பொருள் அந்தப் பட்டியலில் இல்லை. டிராக்டருக்கு உரிமை உண்டென்றால் பேஜ்மேக்கருக்கும் உண்டு. நிறுத்துகிற மென்பொருளின் கடைசிப் பதிப்பை அனுமதி கேட்காதபடி விடுவிக்க வேண்டும், அதன் ஃபைல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற விவரத்தை வெளியிட வேண்டும், நிறுத்துவதற்குப் போதிய காலம் முன்னால் நம் மொழியில் அறிவிக்க வேண்டும். இந்த மூன்றையும் கேட்டு ஒரே மனு, மலை முழுக்க உள்ள கடைகளின் ரப்பர் ஸ்டாம்போடு போகட்டும். தமிழ்நாடு அரசிடமும் ஒன்று கேட்போம். அரசு அலுவலகங்களிலேயே வானவில்லில் அடித்த கோப்புகள் எத்தனையோ கிடக்கின்றன. நமக்கு இருக்கும் சிக்கல் அவர்களுக்கும் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மாவட்டத்துக்கு ஒரு மீட்பு மையம் திறக்கட்டும். பழைய மெஷினை ஓட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டுமா? நாங்கள் இருக்கிறோம்.

தனித்தனியாக நின்றால் ஒவ்வொருவரும் தன் ஹார்ட் டிஸ்க் போனபின்தான் விழிப்போம். சேர்ந்து நின்றால் ஒருவரிடம் மெஷின் இருக்கும், இன்னொருவரிடம் எழுத்துரு இருக்கும், மூன்றாமவருக்கு மாற்றத் தெரியும். சேரங்கோட்டு ஐயாவின் அப்பா எழுதவைத்த பக்கம் எனக்குக் கிடைத்தது எப்படித் தெரியுமா? என் ஃபைலுக்கு உரிய எழுத்துரு கோத்தகிரியில் ஓர் அக்காவின் பழைய மெஷினில் உயிரோடு இருந்தது. பக்கத்தின் எழுத்து முழுசாக வந்துவிட்டது. படம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த டிஃப் உங்களில் யாரிடமாவது இருக்கலாம். ஸ்கேன் போட்டுக்கொடுத்தது அப்போது ஊட்டியில் இருந்த ஒரு கடை, கடை மாறியபோது சி.டி.க்கள் பல கைகளுக்குப் போயின. வேட்டி சட்டையில், கையில் குடையோடு நிற்கும் ஒரு பெரியவர், பின்னால் ராமேஸ்வரம் ஸ்டேஷன் போர்டு. தேடிப் பாருங்கள்.

வரும் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு பைக்காராவில் என் வீட்டில் கூடுகிறோம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறி பைக்காராவில் இறங்குங்கள், கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள். பழைய சி.பி.யூ., ஹார்ட் டிஸ்க், சி.டி., ஃபிளாப்பி, ஜிப் டிஸ்க், லாக் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, துணி சுற்றி எடுத்து வாருங்கள். ஃபிளாப்பி டிரைவ் வேலை செய்கிற மெஷின் வைத்திருப்பவர் முந்தின நாளே சொல்லிவிட்டால் ஜீப் அனுப்புகிறேன். கடை ஸ்டாம்பை மறக்காதீர்கள், மனுவில் அன்றைக்கே குத்திவிடலாம். மதியச் சாப்பாடு இங்கேயே.